ஆறு பத்து

திங்கள் காலை ஆறு பத்துக்கு
வால்விஸ் பே துறைமுகத்தின் மூன்றாம் வாயிலில்
பிடித்தோம் தங்கேனி ஹைம்போடியை.
நாலு பெட்டி மத்தி டப்பா, ஒரு கைவண்டி.
சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருந்தால் தப்பியிருப்பான்.
மூடுபனி. ஈரத்தில் என் கையெழுத்து
கொஞ்சம் பரவியிருக்கிறது.
ஆனாலும் ஆறு ஆறுதான், பத்து பத்துதான்.

அன்று பிப்ரவரி இருபத்தெட்டு.
நள்ளிரவோடு இந்த ஊர்
தென்னாப்பிரிக்காவின் கையிலிருந்து
நமீபியாவின் கைக்குப் போகிறது.
கிரேன்கள், உப்பளங்கள், பூநாரைகள் நிற்கும் காயல்,
தண்ணீர்க் கட்டணப் பாக்கி,
எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிட்டார்கள்.
அதில் என்னையும் ஒரு வரியில் பார்த்தேன்:
கான்ஸ்டபிள் டி. யூலிஸ், இருக்க விருப்பம்.
இரண்டாம் எண் அறையில் தூங்குகிறவனை மட்டும்
எந்தத் தலைப்பின் கீழும் காணோம்.

பதினொன்றரைக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார்.
பெயர் ஷிவூட்டே. வடக்கிலிருந்து ஒரு நாள் பயணம்,
பூட்ஸில் மணல்,
கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பதிவேடு.
வெளியே மைதானத்தில் பேண்டு வாத்தியம்.
"முதல் பக்கத்தைச் சுத்தமாகத் தொடங்குவோம்.
பன்னிரண்டு ஐந்துக்குக் கைது என்று போடுங்கள்.
பழைய புத்தகம் பிரிட்டோரியாவுக்குப் போகட்டும்."

நல்ல மனிதர். எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றினார்.
கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.
பதினேழு மணி ஐம்பத்தைந்து நிமிடம்
ஒரு கொடி மடிப்பில் விழுந்துவிடும்,
அவ்வளவுதான்.

பிடித்தவனை நாற்பத்தெட்டு மணிக்குள்
நீதிபதி முன் நிறுத்து என்கிறது புதுச் சட்டம்.
பழைய புத்தகப்படி புதன் விடியலில் கெடு முடியும்,
செவ்வாயே கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.
புதுப் புத்தகப்படி புதன் மாலை போதும்.
கூடுதலாக ஓர் இரவு. சிமெண்ட் தரை.
யார் கேட்கப் போகிறார்கள்?

உண்மையில், நான் கேட்கிறவன் இல்லை.
எண்பத்தேழில் இதே இரண்டாம் எண் அறையில்
ஒரு ரயில்வே தொழிலாளியைப்
பத்தொன்பது நாள் வைத்திருந்தோம்.
அந்த நாட்களுக்குப் பதிவேட்டில் இருப்பது
கழிவறை அடைப்பெடுத்த செலவு மட்டும்தான்.
எழுதாதே என்றார்கள். எழுதவில்லை.
கம்பி, பூட்டு எல்லாம் பிறகு.
ஒருவனை அடைக்க முதலில் வேண்டியது
ஒரு காலிப் பக்கம்.
அதன் அளவு என் கைக்குத் தெரியும்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
"சார், பழையதன் கடைசி வரியைப்
புதியதன் முதல் வரியாக எழுதிவிடுகிறேன்."
"நம்ம புத்தகத்தில் அவங்க கணக்கா?"
"அவன் கணக்கு, சார்."

வெகுநேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்.
அது நாலு நிமிடம் பிந்தி ஓடும்.
மைதானத்தில் ஆரவாரம் எழுந்தபோது
எங்கள் சுவரில் இன்னும் பழைய நாடுதான்.
யாருக்கும் சேராத அந்த நாலு நிமிடத்தில் எழுதினேன்:
28.2.94, காலை 6.10.
கீழே ஷிவூட்டே ஒப்பமிட்டார்.
பேனா முதலில் எழுதவில்லை. உதறினார்.

விடிந்ததும் கஞ்சியை வாங்கிக்கொண்டு
"முடிஞ்சுதா?" என்றான் தங்கேனி.
முழுவதும் தூங்கியிருக்கிறான்.
"முடிஞ்சுது."
"இப்ப நான் எந்த நாட்டுத் திருடன்?"
"திருடன்னு இன்னும் யாரும் சொல்லலை. சாப்பிடு."

ஒன்பது மணிக்குக் கோர்ட்.
குற்றப்பத்திரிகையில் நாட்டின் பெயரை
வெள்ளை மையால் மறைத்து மேலே அடித்திருந்தார்கள்,
ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் தெரிந்தன.
மாஜிஸ்திரேட் கைதான நேரம் கேட்டார்.
வாசித்தேன்.
ஜாமீன் இருநூறு ராண்ட்.
அவனிடம் பதினொன்று இருந்தது.

திரும்ப இரண்டாம் எண் அறைக்கே கூட்டிவந்தேன்.
வந்ததும் எழுதினேன்: காலை 10.25.
ஈரத்தில் பரவிவிடாமல்
ஊதிக் காயவைத்தேன்.